4 மணி நேரம் காத்திருந்து எடுத்த படம்

பறவை போட்டோ எடுக்கிறேன்னு யார்கிட்ட சொன்னாலும் அடுத்து வர்ற டயலாக் ஒண்ணே ஒண்ணுதான், "அதுக்கெல்லாம் ரொம்ப பொறுமை வேணுமே சார்". ஆபீஸ்ல பக்கத்து சீட்டு, கல்யாணப் பந்தியில பக்கத்து இலை, பல் டாக்டர், எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. நானும் ஒரு சிரிப்பு சிரிச்சு தலையாட்டிட்டு வந்துடுவேன் (பல் டாக்டர்கிட்ட அது கூட முடியல, வாய் முழுக்க பஞ்சு). பாராட்டுனா யாருக்கு கசக்கும். ஆனா கொஞ்ச நாளாவே இந்த பொறுமைங்கிற பேச்சு வந்தாலே உள்ளுக்குள்ள உறுத்த ஆரம்பிச்சுடுது, அதுக்கு காரணம் ஃபேஸ்புக்ல பார்த்த ஒரு படம். ஆள்காட்டிக் குருவி ஒண்ணு முட்டைங்க மேல நிக்குது, வயித்துப் பக்கம் இறகெல்லாம் நனைஞ்சு ஒட்டிப்போய் நுனியில தண்ணி சொட்டுது, அந்த சொட்டு கூட ஃபோகஸ்ல இருக்கு. சத்தியமா சொல்றேன், அபாரமான படம். கீழ கேப்ஷன்: "4 மணி நேரம் கொளுத்தும் வெயிலில் காத்திருந்து எடுத்த படம்". அதுக்கும் கீழ கமெண்ட்டுங்க வரிசையா, "தாய்மைக்கு நிகர் ஏது", "உங்க பொறுமைக்கு ஒரு ராயல் சல்யூட்ணா", இதய எமோஜி, கைதட்டு எமோஜி. ஆள்காட்டியில ஆணும் பொண்ணும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ரெண்டும் மாத்தி மாத்தி அடைகாக்கும், அதனால அந்த தாய்மை அப்பாவாவும் இருக்கலாம், அது கெடக்கட்டும். எனக்கு பிரச்சனை அந்த 4 மணி நேரம்தான். ஏன்னா அதுல பாதிக்கு மேல நானும் அதே ஏரியில, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

அத சொல்றதுக்கு முன்னாடி இந்த காத்திருக்கிறதுன்னா நெஜமா என்னன்னு கொஞ்சம் சொல்லிடுறேன், ஏன்னா வெளியிலேருந்து பார்க்கிறவங்க நெனைக்கிற மாதிரி அது தவமும் கெடையாது ஒரு மண்ணும் கெடையாது. பாதி நேரம் இட்லி ஞாபகம்தான் வரும்.

காத்தும் வெளிச்சமும்

பாண்டிச்சேரியில கேமரா வாங்குன எவனும் மொதல்ல போற எடம் ஊசுட்டேரிதான். பாதி ஏரி புதுச்சேரி, பாதி ஏரி தமிழ்நாடு, 2008ல புதுச்சேரி அவங்க பக்கத்த பறவைகள் சரணாலயம்னு அறிவிச்சாங்க, 2015ல தமிழ்நாடு அவங்க பக்கத்த. கூழைக்கடாவுக்கு இந்த பார்டரெல்லாம் தெரியாது, அது காலைல ஒரு மாநிலத்துல மீன் பிடிச்சுட்டு மத்தியானம் இன்னொரு மாநிலத்துல போய் ரெஸ்ட் எடுக்கும். ஆரம்பத்துல நானும் எல்லாரையும் போல விடிகாலையில போயி கிழக்குக் கரையில நிப்பேன். சூரியன் முதுகுக்குப் பின்னாடி, வெளிச்சம் நேரா பறவை மேல, இதவிட வேற என்ன வேணும்னு நெனைப்பேன். ஆனா வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டு பார்த்தா முக்காவாசி படத்துல பறவையோட பின்பக்கம்தான் இருக்கும். நத்தைகுத்தி நாரை பின்பக்கம், நீர்க்காகம் பின்பக்கம், பாம்புத்தாரா பின்பக்கம். ஏதோ எனக்கும் அதுங்களுக்கும் முன்விரோதம்னு நெனைச்சுக்கிட்டேன்.

அப்புறம் தேங்காய்த்திட்டு பக்கம் மீன்பிடிக்கிற ஒரு அண்ணன்தான் பேச்சுவாக்குல சொன்னார், காத்த பாரு தம்பி, காத்த பாக்காம என்னத்த படம் புடிக்கிறேன்னு. பறவைங்க காத்துக்கு எதிர்த்தாப்புலதான் எழும்பும், எறங்குறதும் அப்படித்தான், றெக்கைக்கு தூக்கு அப்பதான் கெடைக்கும். சித்திரை வைகாசியில நம்ம கடற்கரை ஊர்ல காலைல காத்து மேக்கேருந்து வரும், கச்சான்னு சொல்லுவாங்க. அப்ப பறவை மேக்க பார்த்து எழும்பும், கிழக்குக் கரையில நிக்கிற நமக்கு அது முதுகத்தான் காட்டும். மத்தியானத்துக்கு மேல கடல்காத்து ஏறி வரும், அப்ப பறவை நம்மள பார்த்து வரும், ஆனா அதுக்குள்ள சூரியன் உச்சிய தாண்டி அந்தப் பக்கம் போயிருக்கும், பறவை மூஞ்சி மொத்தமும் இருட்டு. அதாவது வெளிச்சம் நம்ம பக்கம் இருந்தா காத்து இல்ல, காத்து நம்ம பக்கம் இருந்தா வெளிச்சம் இல்ல. ஐப்பசி கார்த்திகைக்கு அப்புறம் வாடை விழுந்தாதான் இது கொஞ்சம் சரியாவுது, காத்து வடகெழக்கேருந்து வரும், காலை வெளிச்சமும் கெழக்கேருந்து வரும், பறவை ரெண்டையும் பார்த்து எழும்பும். டிசம்பர் ஜனவரியில படம் நல்லா வருதுன்னா வலசை வர்ற வாத்துங்களால மட்டும் இல்ல, இந்தக் காத்துனாலயும்தான். இது தெரியாம நான் கரையில காத்திருந்ததெல்லாம் பொறுமையில சேராது, விவரம் தெரியாததுல சேரும்.

அப்புறம் கானல். வெயில் ஏற ஏற தண்ணிக்கும் தரைக்கும் மேல சூடான காத்து நெளிய ஆரம்பிச்சுடும், 600 எம்எம் லென்ஸ்ல தூரத்துல இருக்கிற பறவைய பார்த்தா தண்ணிக்குள்ள இருந்து பாக்குற மாதிரி ஆடும். நீங்க எத்தன லட்சம் குடுத்து லென்ஸ் வாங்கியிருந்தாலும் சரி, ஸ்டாண்டு போட்டாலும் சரி, ஷட்டர் ஸ்பீடு செகண்டுல 2000ல ஒரு பங்கு வெச்சாலும் சரி, இறகு ஷார்ப்பா வராது. கோடையில ஒம்போது மணிக்கு மேல தூரத்து பறவைக்கு கேமராவ தூக்கவே வேணாம். இதுக்கு ரெண்டே வழி, ஒண்ணு மூட்டை கட்டிட்டு வீட்டுக்கு கெளம்புறது, இன்னொண்ணு பறவைக்கு ரொம்ப கிட்ட போறது. இந்த ரெண்டாவது வழியிலதான் வில்லங்கமே ஆரம்பிக்குது.

மத்த கஷ்டமெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கடலூர் பாண்டிச்சேரி ஈரக்காத்துல லென்ஸுக்குள்ள பூஞ்சை பிடிக்கும், அரிசி டப்பாவுல போட்டு வெச்சாலும் பிடிக்கும், சிலிக்கா ஜெல் மாத்திக்கிட்டே இருக்கணும். கடலூர் சில்வர் பீச்ல ஆலா பறவை எடுக்க போனா உப்பு கண்ணாடியில படியும். வெள்ளை கொக்குக்கு எக்ஸ்போஷர் ஒரு ஸ்டாப் (அதாவது கேமராவுக்குள்ள போற வெளிச்சத்துல பாதி) கொறைக்கலன்னா இறகுல ஒரு கோடு கூட தெரியாம சுண்ணாம்பு அடிச்சா மாதிரி வந்து நிக்கும். வேலிக்காத்தான் முள்ளு ஷூவ துளைச்சு வரும். வீட்டம்மா கேட்கிற கேள்விக்கு பதில் இருக்காது. இதெல்லாம் பழகிடும்.

பழகாதது ஒண்ணு இருக்கு, மீன்கொத்தி. அதுலயும் கருப்பு வெள்ளை மீன்கொத்தி. மத்த மீன்கொத்தியெல்லாம் கம்பி மேலயோ கொம்பு மேலயோ உட்கார்ந்து தண்ணிய பார்க்கும், இது அந்தரத்துல ஒரே எடத்துல றெக்கைய அடிச்சுக்கிட்டு நிக்கும், உடம்பு நிமிர்ந்து, அலகு மட்டும் நேரா கீழ. நிக்குதே, சுலபமா எடுத்துடலாம்னு தோணும். ஆனா அது எந்த நொடியில தலைகீழா விழும்னு அதுக்கே கடைசி வரைக்கும் தெரியாது போல, பாதி தடவை விழுற மாதிரி வந்து நடுவுல நின்னு மறுபடியும் அடிக்கும், கொஞ்சம் கீழ எறங்கி திரும்ப நிக்கும். நம்ம கண்ணு பார்த்து மூளை சொல்லி விரல் அழுத்துறதுக்குள்ள கால் செகண்ட் போயிடும், அதுக்குள்ள தண்ணியில வளையம்தான் மிச்சம். இப்ப வர்ற மிரர்லெஸ் கேமராவுல ப்ரீ-கேப்சர்னு ஒண்ணு இருக்கு, பட்டனை பாதி அழுத்தி வெச்சிருந்தா போதும், நீங்க முழுசா அழுத்துற நொடிக்கு முன்னாடி நடந்ததையும் சேர்த்து எடுத்து குடுத்துடும். என் கேமராவுல அது இல்ல. இருக்கிறவங்க படத்த பார்த்தா வயிறு எரியும், ஆனா அது வேற சப்ஜெக்ட்.

பாகூர், மே மாசம்

அந்த மீன்கொத்திக்காகத்தான் அன்னிக்கு பாகூர் ஏரிக்கு போனேன். தென்பெண்ணை தண்ணி பங்காரு வாய்க்கால் வழியா வந்து நெறையிற ஏரி, மழை முடிஞ்ச கையோட பார்த்தா கடல் மாதிரி கெடக்கும், மே மாசத்துல தண்ணி சுருங்கி மதகுப் பக்கம் ஒரு குட்டையா நிக்கும். மிச்ச ஏரியெல்லாம் பாளம் பாளமா வெடிச்ச மண்ணு, நடுநடுவுல பச்சை, அதுல ஆடு மாடு மேயும். தண்ணி ஒரே எடத்துல சுருங்குனா மீனும் அங்கயேதான், மீன் இருக்கிற எடத்துக்கு மீன்கொத்தி வந்துதானே ஆகணும். நான் மதகு பக்கத்துல நெழல் பார்த்து உட்கார்ந்துட்டேன்.

அங்கேருந்து கொஞ்ச தூரத்துல, காய்ஞ்ச ஏரிக்குள்ள, பச்சையும் பழுப்புமா ஒரு மூட்டை கெடந்துச்சு. மொதல்ல குப்பைன்னுதான் நெனைச்சேன். அப்புறம் பார்த்தா அதுக்கு வெளிய ஒரு லென்ஸ் நீட்டிக்கிட்டு இருக்கு. எங்க வட்டாரத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச சீனியர் அவர், பேரு வேணாம், அண்ணன்னு வெச்சுக்குவோம். வலைத்துணிய மேல போத்திக்கிட்டு குப்புற படுத்திருந்தார். அவருக்கு முன்னாடி வெறும் தரையில சின்ன பள்ளம், சுத்தி ஆட்டுப்புழுக்கையும் கூழாங்கல்லும், நடுவுல மண்ணு கலர்ல கருப்பு திட்டு போட்ட நாலு முட்டை. ஆள்காட்டி கூடுன்னா அவ்ளோதான், கூடுன்னு சொல்றதே அதிகம். அந்த நாலு முட்டையும் கூரான பக்கம் உள்ள பார்த்து பூ மாதிரி அடுக்கியிருக்கும், நீங்க அதுக்கு நேர் மேல காலை வெச்சாலும் தெரியாது.

ஜோடி ரெண்டும் மேல சுத்திச்சுத்தி கத்திக்கிட்டே இருந்துச்சுங்க. ஆள்காட்டி கத்துறத நான் சொல்லித்தான் உங்களுக்கு தெரியணும்னு இல்ல, ராத்திரி ஏரிக்கரையில நடந்து போன எல்லாரும் அதுகிட்ட மாட்டியிருப்பீங்க. கொஞ்ச நேரம் கத்தும், அப்புறம் ஒண்ணு கீழ எறங்கி கூட்டுக்கு சம்பந்தமே இல்லாத எடத்துல போயி அடைகாக்கிற மாதிரி குந்திக்கும், இதோ இங்கதான் முட்டை இருக்கு இங்க வாடாங்கிற மாதிரி. அதுல யாரும் ஏமாறலைன்னு தெரிஞ்சதும் எழுந்து, வாடகை பாக்கி வெச்சவன் வீட்டு ஓனர் வாசல்ல நிக்கிறத பார்த்தா எப்படி தெருவ சுத்திக்கிட்டு போவானோ அப்படி ரெண்டடி நடக்கும், நிக்கும், எங்கயோ பாக்கிற மாதிரி பாக்கும், இன்னும் ரெண்டடி வரும், லென்ஸ் ஒரு துளி அசைஞ்சா போதும், திரும்ப எழும்பி கத்த ஆரம்பிக்கும். இது நான் பார்க்க பார்க்க திரும்பத் திரும்ப நடந்துச்சு. வெயில் ஏறிக்கிட்டே இருந்துச்சு.

கோழி முட்டைய இன்குபேட்டர்ல வெக்கிறவங்களுக்கு தெரியும், 37.5 டிகிரி, அதுல அங்க இங்க நகரக் கூடாது, கூடிப்போனா உள்ள இருக்கிற கரு செத்துடும். மே மாச வெட்டவெளி மண்ணுல கையை வெக்க முடியாது. அந்த மண்ணு மேல நாலு முட்டை. இந்த சீசன்ல ஆள்காட்டி முட்டை மேல உட்கார்றது சூடு குடுக்கிறதுக்கு இல்ல, நெழல் குடுக்கிறதுக்கு. பாதி நேரம் முழுசா உட்காராம லேசா தூக்கிக்கிட்டு நிக்கும், அதோட நெழல் முட்டை மேல விழணும். அதுவும் போதாதுன்னா தண்ணிக்கு போயி வயித்து இறக நனைச்சுக்கிட்டு வந்து முட்டை மேல ஈரத்த தடவும். பறவைக்காரங்க எல்லாரும் படிச்சு வெச்சிருக்கிற விஷயம் இது. அண்ணனுக்கும் தெரியும், அதனாலதான் மே மாசம் அந்த எடத்துல படுத்திருந்தார்.

அந்த நேரத்துல ஆடு ஓட்டிக்கிட்டு ஒரு பாட்டியம்மா வந்தாங்க. கையில ஒரு கம்பு, தலையில துண்டு. அண்ணன் வலைக்குள்ள இருந்து தலைய மட்டும் நீட்டி, மெதுவா, மரியாதையாதான் சொன்னார், "பாட்டி, கொஞ்சம் ஆட்ட அந்தப் பக்கமா ஓட்டிக்கினு போங்க, பறவை பயந்துக்கும்". பாட்டி நின்னு அவர பார்த்தாங்க, மேல கத்துற ஜோடிய பார்த்தாங்க. "ஆட்டுக்கு ஏம்பா அது பயப்படுது? தெனம் பாக்குற ஆடுதான். ஒனக்குத்தான் கத்திக்கினு கெடக்குது."

"இல்ல பாட்டி, கொஞ்சம் பொறுமையா இருந்தா அது வந்து ஒக்காரும்."

"நீ எழுந்து போனாதான்பா வந்து குந்தும். வெயில்ல முட்ட வெந்துடப் போவுது."

அவ்ளோதான், அவங்க பாட்டுக்கு ஆட்ட ஓட்டிக்கிட்டு போயிட்டாங்க. அண்ணன் சிரிச்சுட்டு வலைக்குள்ள போயிட்டார். அதுக்கும் எவ்ளோ நேரம் கழிச்சுன்னு நான் வாட்ச் பார்க்கல, ஜோடியில ஒண்ணு நேரா மதகுப் பக்கம் பறந்து வந்துச்சு, எனக்கு எதிர்த்தாப்புலயே குட்டையோரத்துல எறங்கி வயித்த தண்ணியில அழுத்தி அழுத்தி நனைச்சுச்சு, அங்கேருந்து நேரா கூட்டுக்கு போச்சு. இந்த தடவை சுத்திவளைக்கல, ஓனரும் இல்ல பாக்கியும் இல்ல, நேரா முட்டை மேல போயி நின்னுச்சு. தூரத்துல ஷட்டர் சத்தம் படபடன்னு கேட்டுச்சு. நான் ஃபேஸ்புக்ல பார்த்தேன்னு சொன்ன படம் அதுதான்.

ஒலகமே தாய்மைன்னு சொன்ன படம். எனக்கு அதுல தெரிஞ்சது வேற. ஒரு ஆள் அங்க இருக்கிறான்னு தெரிஞ்சே, அவன் போவ மாட்டான்னும் தெரிஞ்சு, முட்டை இதுக்கு மேல தாங்காதுங்கிற நெலமையில பயத்த விட்டுட்டு வந்த ஒரு பறவை. 4 மணி நேரம்னு கேப்ஷன்ல போட்டிருக்கே, அத அந்தப் பக்கம் இருந்து எண்ணிப் பாருங்க. அண்ணன்கிட்ட தண்ணி பாட்டில் இருந்துச்சு, மேல வலைத்துணி இருந்துச்சு. யாரோட பொறுமைக்கு சல்யூட் போடுறோம்?

டீக்கடையில

படம் எடுத்து முடிச்சதும் அண்ணன் ரொம்ப சந்தோஷமா என்கிட்ட வந்தார், ரெண்டு பேரும் பாகூர் ரோட்ல ஒரு கடையில டீ சாப்பிட்டோம். எனக்கு மனசுல இருந்தத மெதுவா சொன்னேன். அவர் கோவப்படல, அதான் அவர்கிட்ட எனக்கு பிடிச்சது. அவர் பக்கத்து வாதத்தையும் நியாயமா சொல்லணும். மொத விஷயம், நான் முட்டைய தொடல, ஒரு கல்ல கூட நகர்த்தல, ஒரு செடிய கூட ஒடிக்கலன்னார். அது உண்மை. ரெண்டாவது, இந்த படத்த பார்த்து நாலு பசங்க ஏரிக்கு வருவாங்க, ஏரிக்கு வர்றவன் அங்க யாராவது குப்பை கொட்டினா சண்டை போடுவான்னார். அதுவும் உண்மை, நானே யாரோ எடுத்த கூழைக்கடா படத்த பார்த்துட்டுதான் கேமரா வாங்குனவன். மூணாவதா ஒண்ணு சொன்னார், அதுதான் என்ன ரொம்ப யோசிக்க வெச்சுது. "சலீம் அலி காலத்துல எடுத்த நல்ல படமெல்லாம் எங்க எடுத்தது? கூட்டுலதான். அவரோட சிநேகிதர் லோக் வான் தோ, சிங்கப்பூர்ல எவ்ளோ பெரிய சினிமா முதலாளி, கூட்டுக்கு பக்கத்துல பரண் கட்டி அதுக்குள்ள உட்கார்ந்து எடுத்தாரு. அவங்கள என்னன்னு சொல்லுவே?"

அப்ப எனக்கு பதில் வரல. வீட்டுக்கு வந்து யோசிச்சப்பதான் தோணுச்சு. அந்தக் காலத்து ஃபிலிமுக்கு வேகம் கெடையாது, ஃபோகஸ் கையாலதான் வெக்கணும், லென்ஸ் இவ்ளோ தூரம் இழுக்காது. பறவை நிச்சயமா திரும்பி வர்ற எடம்னு ஒலகத்துலயே ஒண்ணுதான் இருக்கு, அது கூடு. அதனால அங்க போனாங்க, வேற வழி இல்ல. இன்னிக்கு செகண்டுக்கு 20 படம் எடுக்கிற மெஷினும் பறவையோட கண்ண தேடிப் பிடிக்கிற ஃபோகஸும் வெச்சுக்கிட்டு அதே எடத்துல போயி படுக்க வேண்டிய அவசியம் என்ன? நம்ம ஊர்லயே மா. கிருஷ்ணன்னு காட்டுயிர் பத்தி எழுதி படமும் எடுத்தவர் இருந்தாரே, கடைசி வரைக்கும் கறுப்பு வெள்ளைதான், கலருக்கு மாறவே இல்ல, காட்டுல நடந்தும் யானை மேல உட்கார்ந்தும் எடுத்தார். ஒரு ரோல்ல எத்தன படம் கெடைக்கும், அதுலயும் ஒண்ணு சரியா வந்ததா இல்லையான்னு கழுவிப் பார்த்தாதான் தெரியும். அப்படி இருந்தவங்களோட நம்ம பொறுமைய ஒரே தராசுல வெக்கிறதே கொஞ்சம் ஓவர்தான்.

சட்டமும் இதுல ஒரு விஷயம் சொல்லுது, நெறைய பேருக்கு தெரியாது. 1972ம் வருஷ வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வேட்டைன்னா என்னன்னு விளக்கம் குடுத்திருக்காங்க, அதுல பறவைங்க முட்டையயோ கூட்டையோ தொந்தரவு பண்றதும் வருது. துப்பாக்கி எடுத்தாதான் வேட்டைன்னு இல்ல. இத நான் அண்ணன்கிட்ட வாட்ஸ்அப்ல அனுப்புனேன், அவர் "தொந்தரவுன்னா என்னன்னு அதுல போட்டிருக்கா?"ன்னு திருப்பி அனுப்புனார். சரியான வக்கீல். நெறைய போட்டோ போட்டியில இப்ப பறவைக் கூட்டுல எடுத்த படத்த வாங்குறதே இல்ல, அத சொன்னதுக்கு "நான் போட்டிக்கு அனுப்பலையே"ன்னார்.

அவர் கேட்டதுல இன்னொண்ணு இருக்கு, அத மறைக்கக் கூடாது. "நீ ஊசுட்டேரியில பைக்க நிறுத்துனவுடனே நூறு வாத்து எழும்புதே, அது தொந்தரவு இல்லையா?" தொந்தரவுதான். அத்தன தூரம் பறந்து வந்த ஊசிவால் வாத்து ஒரு தடவ சும்மா எழும்பினாலும் அதுக்கு தீனி நஷ்டம். கேமரா எடுத்துக்கிட்டு ஏரிக்கு போற எவனும் தொந்தரவே பண்ணாதவன் இல்ல. ஆனா வாத்து எழும்பி ஏரியோட அந்தப் பக்கம் போயி உட்கார்ந்துக்கும், அதுக்கு மொத்த ஏரியும் இருக்கு. முட்டைக்கு அந்தப் பக்கம்னு ஒண்ணு கெடையாது. அது வெச்ச எடத்துலதான் கெடக்கும், அதனாலதான் அப்பனும் ஆத்தாளும் அங்க சுத்துதுங்க, அதனாலதான் நமக்கும் அங்க படம் நிச்சயமா கெடைக்குது. பறவையால எங்கயும் போவ முடியாதுங்கிற ஒரே காரணத்தால கெடைக்கிற படத்துக்கு பொறுமைன்னு பேர் வெச்சுக்கிறது எனக்கு ஒத்து வரல. கிட்டத்தட்ட அது பிணைக்கைதி கேஸ்.

மீன்கொத்திக்கு காத்திருக்கும்போது எனக்கும் அதுக்கும் நடுவுல எந்த கட்டாயமும் இல்ல. அதுக்கு என்ன பிடிக்கலன்னா அடுத்த மதகுக்கு போயிடும், நான் சூடா ஒரு பெருமூச்சு விட்டுட்டு பைக்க எடுப்பேன். அன்னிக்கு அப்படித்தான் நடந்துச்சு, மீன்கொத்தி மூணு தடவ அந்தரத்துல நின்னுச்சு, மூணு தடவையும் நடுவுல மனச மாத்திக்கிட்டு போயிடுச்சு. கார்டுல உருப்படியா ஒண்ணும் இல்ல. இதுல என் பொறுமைக்கு வேலையே இல்ல, முடிவு எடுக்கிறது அது.

கொஞ்ச நாள் கழிச்சு பாகூர் பக்கம் வேற வேலையா போனப்ப அந்த எடத்த தூரத்துலேருந்து பைனாகுலர்ல பார்த்தேன். பள்ளம் காலி. இதுல எந்த முடிவுக்கும் வர முடியாது. ஆள்காட்டி குஞ்சு பொரிஞ்ச கொஞ்ச நேரத்துலயே எழுந்து நடந்து போயிடும், ஓட்டையும் பெருசுங்க அப்புறப்படுத்திடும், அப்பவும் பள்ளம் காலியாதான் இருக்கும். நாயோ கீரியோ தின்னுட்டு போயிருந்தாலும் காலியாதான் இருக்கும். ஜோடி அங்க இல்ல. அண்ணன் சொல்லுவார் பொரிஞ்சு போயிடுச்சுன்னு, பொரிஞ்சும் இருக்கலாம். நாம படுத்து எழுந்த எடத்த காக்கா மேலேருந்து பார்த்துக்கிட்டு இருந்துச்சான்னு யாருக்கு தெரியும்.

படம் வந்த அன்னிக்கு கமெண்ட்ல நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், "அண்ணா, நீங்க கெளம்புனதுக்கு அப்புறம் அது எவ்ளோ நேரத்துல வந்து உட்கார்ந்துச்சு?" ரொம்ப மரியாதையாதான் கேட்டேன். அண்ணன் ஒரு கும்பிடு எமோஜி போட்டார். கீழ யாரோ ஒரு பையன் "பொறாமையா ப்ரோ?"ன்னு கேட்டிருந்தான், அதுக்கு முப்பது சிரிப்பு. பொறாமை இருக்கு, இல்லன்னு சொன்னா பொய்யாயிடும். அந்த லென்ஸ் ஒரு கார் விலை, அந்த தண்ணி சொட்டு என் லென்ஸ்ல அப்படி வராது.

போன வாரம் அண்ணன் போன் பண்ணார். இந்த கமெண்ட் பத்தி ஒரு வார்த்தை பேசல, பொதுவா வெயில் பத்தி, ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்டாண்டு பத்தி பேசிட்டு, "ஞாயித்துக்கெழமை மரக்காணம் போறேன், கழுவேலி பக்கம், உப்பளம் எல்லாம் சுத்திட்டு வரலாம், வர்றியா?"ன்னார். கழுவேலி 2024ல ராம்சார் லிஸ்ட்ல (உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்) வந்ததுலேருந்து எங்க ஆளுங்களுக்கு அங்க ஒரு கண்ணு. நான் சொன்னேன், "அண்ணா இப்ப வேணாம், ஐப்பசியில போவோம், பூநாரை, வாத்து எல்லாம் எறங்கியிருக்கும். இப்ப அங்க என்ன இருக்கு, உப்பளத்துல நெடுங்கால் உள்ளான் முட்டை வெச்சிருக்கும்".

"அதுக்குத்தான்டா கூப்புடுறேன்"னார்.